மொட்டைக் கார் விற்ற கதை

கார் விற்கிறவனுக்குக் காரைத் தெரியவேண்டியதில்லை, சனத்தைத் தெரிந்தால் போதும் என்று சொல்வார்கள்; அப்படிச் சொல்கிற ஒருவரும் யாழ்ப்பாணத்தில் கார் விற்றவரில்லை. நான் விற்றிருக்கிறேன். வாய் நோக விளக்கம் சொல்லி, தேத்தண்ணியும் வாங்கிக் கொடுத்து, கடைசியில் "யோசிச்சுச் சொல்லுறம்" என்ற பதிலோடு வீடு போய்ச் சேர்ந்த சகோதரர்கள் யாராவது இதை வாசித்தால் கொஞ்சம் கிட்ட வந்து இருங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது விளங்காது.

வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்கு அரசாங்கம் பூட்டுப் போடுவதற்குச் சில வருஷம் முந்திய காலம் அது. பட்டினத்தில் எங்கள் கடை பாதி கார், பாதி தண்ணீர் இறைக்கிற மெஷின். மெஷின் பக்கத்தில் வெங்காயத் தோட்டக்காரரும் புகையிலைத் தோட்டக்காரரும் நெருக்கி அடித்துக்கொண்டு நிற்பார்கள். கார்ப் பக்கத்தில் நான் நிற்பேன்.

முதலாளி பருத்தித்துறைப் பக்கம். தகப்பன், பாட்டன் எல்லாம் பாய்க்கப்பல் ஓடியவர்கள். ஒருமுறை கொழும்புக்குப் போனவர், கடற்கரை வீதியில் மேல்மூடி இல்லாத கார் ஒன்றில் இரண்டு பேர் காற்றுப் பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், மனுசனுக்குப் பாட்டனின் இரத்தம் கொதித்துவிட்டது. நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு அப்படி ஒன்று எங்கள் கடையில் வந்து இறங்கியது. பச்சை நிறம். இரண்டே சீற். மழைக்கு இழுத்து மூட ஒரு துணி ஹூட். கம்பனிப் புத்தகத்தில் அதற்கு 'ரோட்ஸ்ரர்' என்று பெயர். வந்து இறங்கிய அன்றே பட்டினம் அதற்கு 'மொட்டைக் கார்' என்று பெயர் வைத்துவிட்டது.

எனக்கு அதில் ஒரு சிக்கல் இருந்தது. கலியாணம் கட்டியும் கொழும்பில் அறை எடுத்து இருந்துகொண்டு, மாதத்துக்கு ஒருமுறை மெயில் ரயிலில் வீடு வந்து போன ஆள் நான். கெஞ்சிக் கூத்தாடி யாழ்ப்பாணத்தில் இந்த வேலையை எடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் மகள் என்னைக் கண்டால் அழாமல் இருக்க அப்போதுதான் பழகியிருந்தாள். முதலாளி காரைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்துவிட்டு, கோபம் எதுவும் இல்லாமல் ஆறுதலாகச் சொன்னார்: "தைப்பொங்கலுக்கு முன்னம் உது போகவேணும். போகாட்டி நான் கார்ப் பக்கத்தைப் பூட்டிப்போட்டு முழுக்க மெஷின்தான் வைக்கப்போறன். உமக்குக் கொழும்பிலை வேலை கிடைக்கும்தானே."

பாதி விலை

முதல் வந்தவர் கொடிகாமம் சந்தையில் மொத்த வியாபாரம் செய்பவர். குடும்பத்தோடு வந்தார். மனைவி, மாமியார், வரிசையாகப் பிள்ளைகள். விலையைக் கேட்டார். மற்றக் கார்களோடு பார்க்க இது எவ்வளவோ மலிவு, கிட்டத்தட்டப் பாதி விலை என்று நான் அடித்து விட்டேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. காரை இடமும் வலமுமாகச் சுற்றினார், ரயரை உதைத்துப் பார்த்தார், ஹோர்னை அமத்திப் பார்த்தார். பிறகு முன்பக்கத்தில் தான் ஏறி, பக்கத்தில் மனைவியை ஏற்றி, "மற்றாக்களை ஏத்தும்" என்றார்.

நான் எங்கே ஏற்றுவது? இரண்டு பேருக்குத்தான் இடம் என்று மெல்ல இழுத்தேன். அவர் நம்பவில்லை. பின்னுக்கு மூடிக்கிடப்பது என்ன என்று கேட்டார். டிக்கியைத் திறந்து காட்டினேன். மாமியார் குனிந்து உள்ளே பார்த்துவிட்டுத் தன் மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மருமகனுக்கு விளங்கவேண்டியது விளங்கிவிட்டது. அவர் இறங்கி, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "தம்பி, விலை பாதி எண்டு சொன்னனீர். காரும் பாதி எண்டு நீர் சொல்லேல்லையே."

தூரத்துக்கோ?

சண்டிலிப்பாயில் ஒரு புகையிலைக் கமக்காரர் இருந்தார். நல்ல காசுக்காரர். மூத்த மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். சீதனத்தோடு ஒரு காரும் கொடுப்பதாகப் பேச்சு. புதுமாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் இரண்டு சீற் போதாதா, அதற்குமேல் எதற்கு என்று நான் கதைத்த கதையில் மனுசன் கொஞ்சம் அசைந்துவிட்டார். அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் பேச்சுக்காகப் போக இருந்தவர், இதிலேயே போய்ப் பார்ப்போமே என்று ஏறி இருந்தார். ஓட்டினவன் நான்.

எங்கள் ஊர் வேலிகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தென்னோலை பின்னிய கிடுகு வேலி, அதற்கு மேலே பனையோலை, அதற்கு மேலேயும் ஏதாவது. உள்ளே இருப்பவர் வெளியே தெரியக்கூடாது. அந்த வேலிகளுக்கு நடுவே நாங்கள் இரண்டு பேரும் தலையை வெளியே நீட்டிக்கொண்டு போனோம். நல்ல காரியத்துக்குப் போகிறவரை "எங்கை போறியள்?" என்று கேட்கக்கூடாது, காரியம் பிழைத்துவிடும். மரியாதை தெரிந்தவர்கள் "தூரத்துக்கோ?" என்று சுற்றிவளைத்துக் கேட்பார்கள். மூடின காரில் போனால் அதுவும் இல்லை. இதில் போனால் ஒவ்வொரு வீட்டுப் படலை வாசலிலும் ஒரு "தூரத்துக்கோ?". கிணற்றடியில் நின்ற ஒருவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து கேட்டார். தபாற்காரன் சைக்கிளில் பக்கத்தாலே வந்துகொண்டே கேட்டான். கடைசியில் மதகில் இருந்த ஒரு வாயாடி, மறைப்பொன்றும் இல்லாமல் "எங்கை அம்மான், எங்கை?" என்றுவிட்டது.

கமக்காரர் காரைத் திருப்பச் சொன்னார். வீட்டுக்குப் போய்க் கால் கழுவி, தண்ணீர் குடித்து, மறுபடி வெளிக்கிட்டோம். மறுபடியும் அதே மதகு, அதே வாயாடி, அதே கேள்வி. மூன்றாம் முறை வெளிக்கிடவில்லை. மனுசன் சால்வையைத் தலையில் போர்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் காரிலேயே இருந்தார். பிறகு என்னிடம் கோபம் இல்லாமல்தான் கேட்டார்: "வேலி இல்லாத வளவிலை ஆர் தம்பி குடியிருக்கிறது?"

மற்றச் சீற்

வாலிபனாகப் பார்த்துப் பிடியும் என்று முதலாளி சொன்னார். பிடித்தேன். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த டொக்ரர். கலியாணம் ஆகவில்லை. கையில் காசு இருந்தது, தலையில் மயிர் இருந்தது, காற்றில் அது பறக்கவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. பண்ணைப் பாலத்தில் ஒரு ஓட்டம் போய்வந்தவர் இறங்கவே மனமில்லாமல் ஸ்ரியறிங்கைத் தடவிக்கொண்டு இருந்தார். விற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது மகளுக்கு ஒரு பலூன்கூட வாங்கிக்கொண்டு போனேன், அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த நாள் டொக்ரரின் தாயார் வந்தார். நல்ல பட்டுச் சேலை, நல்ல தெளிவான கதை. காரைக் குறை சொல்லவில்லை. நிறம் வடிவு என்றார். பிறகு ஸ்ரியறிங்குக்கு முன்னால் இருந்த சீற்றைக் காட்டி, இது மகனுக்கு, சரி, என்றார். பக்கத்துச் சீற்றைக் காட்டி, இது யாருக்கு என்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு நேர்ஸ் பிள்ளை பஸ்ஸைத் தவறவிட்டு நின்றாலும் இவன் இரக்கப்பட்டு ஏற்றுவான், மூடியில்லாத காரில் ஊர் முழுக்கப் பார்க்கும், வந்துகொண்டிருக்கிற சம்பந்தம் நாலும் நாலு திசைக்கு ஓடும் என்றார். சீற்றைச் சும்மா விட்டாலும் யாருக்காக வைத்திருக்கிறான் என்று சனம் கேட்குமாம். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. போகும்போது என்னில் இரங்கித்தான் சொன்னார்: "ஒரு சீற் கார் வந்தாச் சொல்லும் தம்பி, அண்டைக்கே காசைக் கட்டி எடுக்கிறன்."

பொதுவாய்

ஐப்பசியும் வந்துவிட்டது. விற்க முடியாத சாமானை ஊருக்குக் காட்டவாவது செய்வோம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. யோசனை எனக்கு வராமல் இருந்திருக்கலாம். கோப்பாய்ப் பக்கத்தில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் காரை இனாமாகத் தருகிறோம் என்று சொன்னேன். அவர்களும் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். பூமாலை எல்லாம் கட்டி, காரை மணவறை மாதிரியே சோடித்துவிட்டார்கள்.

மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் தோழன் இருந்து வரவேண்டும், அதுதான் முறை. இரண்டு சீற்றில் ஒன்றில் மாப்பிள்ளை இருந்தார். மற்றதில் நான் இருந்தேன், நான் இல்லாவிட்டால் கார் ஓடாது. தோழனைச் சைக்கிளில் வரச்சொல்லிவிட்டு ஊர்வலம் வெளிக்கிட்டது. முன்னுக்கு நாதஸ்வரமும் தவிலும். மரியாதையாக இருக்கட்டும் என்று நானும் அன்றைக்குப் பட்டுவேட்டி கட்டியிருந்தேன். எவரோ புண்ணியவான் என் கழுத்திலும் ஒரு மாலை போட்டுவிட்டார்.

பெண் வீட்டுப் படலையில் ஆராத்தித் தட்டோடு நின்ற இரண்டு பெண்களும் என்னையும் சேர்த்துச் சுற்றிவிட்டு, இரண்டு பேருக்கும் பொட்டு வைத்தார்கள். உண்மையான மாப்பிள்ளை நல்ல குணமான பிள்ளை, சிரித்துக்கொண்டு இறங்கினார். தோழன் வியர்த்து விறுவிறுத்துச் சைக்கிளில் வந்து சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. நான் காரை ஒதுக்கி நிறுத்திவிட்டு, மாலையைக் கழற்றி எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டே கிட்ட வந்து ஆறுதல் சொன்னார்: "ஒண்டும் யோசியாதையும் தம்பி. நான் ரண்டு பேருக்கும் பொதுவாய்த்தான் வாசிச்சனான்."

கூரை

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. தோட்டங்களில் வெள்ளம் நிற்க மெஷின் பக்கத்திலும் சனம் குறைந்தது. மழைக்கு ஒதுங்கிய ஒரு வயதான தோட்டக்காரரிடம், வேறு ஆள் இல்லாத குறைக்கு, ஹூட்டை இழுத்து மூடிக் காட்டினேன். துணியை விரலால் சுண்டிப் பார்த்தார். தைத்த இடங்களைக் குனிந்து பார்த்தார். வீட்டுக் கூரையின் வளை, தீராந்தி மரங்களைப் பார்ப்பதுபோல உள்ளே இருந்த கம்பிகளை எண்ணாத குறையாகப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, கடைக் கூரையில் ஒழுகிய தண்ணீர் ஹூட்டில் விழுந்து உள்ளேயும் சொட்டியது. அவர் ஒரு நல்ல மனுசர், பகிடிக்குச் சொல்லவில்லை: "ஆடி மாசம் ஆளனுப்பும் தம்பி, நல்ல கிடுகாப் பாத்து வேய்ஞ்சு தாறன்."

இடம் காணுமோ?

பிறகு மார்கழி. மார்கழியில் எங்கள் சனம் ஒரு புது ஊசிகூட வாங்காது. முதலாளி மெஷின் கம்பனிக்கு ஆள் அனுப்பி, கார் நின்ற இடத்தை அளந்து பார்த்துவிட்டார். வீட்டில் மனைவி என் கொழும்புப் பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்திருந்தாள். மகள் அதற்குள் ஏறி இருந்துகொண்டு "பூம், பூம்" என்று ஓட்டினாள்.

மார்கழி முடிய இருந்த ஒரு காலையில் உரும்பிராயிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். அவர் மலாயாவில் றெயில்வேயில் வேலை செய்து பென்சனோடு ஊர் திரும்பியவர். அந்த அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். அந்த மொட்டைக் காரைப் பார்க்கலாமோ என்று அவர் கேட்டார். எனக்கு மனம் விட்டுப்போயிருந்தது. விற்கிறவனின் புழுகையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, காரின் குறைகளை நானே சொல்லிவிட்டேன். வெய்யில் படும், மழை ஒழுகும், ஊர் பார்க்கும், இரண்டு பேருக்கு மேல் ஏற முடியாது.

அதுவரை காரைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்ற அக்கா, கடைசியாகச் சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு, மூன்றாவது ஆள் எப்படி நெருக்கினாலும் ஏறவே ஏலாதோ என்று கேட்டார். ஏலாது அக்கா என்றேன். சின்னப் பிள்ளை? மடியில் வைத்தால் சரி, மற்றப்படி ஏலாது என்றேன். பின்னுக்கு ஒரு சீற் போட்டு எடுக்கலாமோ? அதுவும் ஏலாது என்று சொல்லிவிட்டு, இதுவும் போயிற்று என்று நினைத்தேன். அவர் திரும்பிப் புருஷனைப் பார்த்தார். புருஷன் தலையாட்டினார். காசை இப்போதே கட்டுவதாகவும், காரைப் பொங்கலன்று எடுப்பதாகவும் சொன்னார்.

அக்கா காருக்குப் பக்கத்தில் நிற்க, உள்ளே இருந்து காசு எண்ணும்போது பென்சனியர் மெல்லச் சொன்னார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மலாயாவிலிருந்து வந்த கையோடு பெரிய காராக ஒன்று வாங்கியிருக்கிறார்கள். ஊரில் எவருக்குக் காய்ச்சல் என்றாலும், எவர் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சோதனை என்றாலும், கோயில், கலியாணம், செத்தவீடு எதென்றாலும் அந்தக் கார்தான். அவர்கள் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் ஏறுகிறவர்கள் எல்லாரும், "உங்களுக்கென்ன, பின் சீற் சும்மாதானே கிடக்குது" என்று சொல்லிக்கொண்டுதான் ஏறுவார்களாம். எல்லாரையும் இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது தன் பெண்சாதி பின்னுக்குத் திரும்பிப் பார்ப்பதே இல்லை என்றார். அந்தக் காரைப் போன மாதம் விற்றுவிட்டார்களாம். அன்றைக்கு வீட்டுக்குப் போய், பெட்டிக்குள் இருந்த மகளைத் தூக்கி வெளியே விட்டுவிட்டு, பெட்டியை இருந்த இடத்தில் வைத்தேன். மனைவி அடுப்படியில் நின்று அழுதாள், நானும் அழுதேன்.

பொங்கலன்று காலையில் இரண்டு பேரும் வந்தார்கள். முன் ரயர்களுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, சூடம் கொளுத்தி, ஹூட்டை முழுக்க இறக்கிவிட்டேன். பென்சனியர் ஸ்ரியறிங்கைப் பிடித்தார். அக்கா பக்கத்தில் ஏறி, புதுச் சேலையை ஒதுக்கிச் சரியாக இருந்துகொண்டார். ஊர் பார்க்கும் என்று சொன்னேனே, அதற்காக அவர் முந்தானையால் தலையை மூடவும் இல்லை. கதவைச் சாத்தும்போது, எந்தக் காரை விற்றாலும் வழக்கமாகக் கேட்கிற கேள்வியை நான் யோசிக்காமல் கேட்டுவிட்டேன், இடம் காணுமோ அக்கா, போதுமோ என்று. கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்தேன். அவர் ஒருதரம் பக்கத்தில் இருந்த மனுசனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, நல்லாய்ச் சிரித்துக்கொண்டு சொன்னார்: "நாங்கள் ரண்டு பேரும் ஏறக் கார் நிறைஞ்சுபோச்சுது, தம்பி."

இரண்டு சீற் காருக்கு யாழ்ப்பாணத்தில் நல்ல சந்தை இருக்கிறது என்று நம்பி, அந்தக் கிழமையே முதலாளி கொழும்புக்குத் தந்தி அடித்து இன்னும் மூன்று அனுப்பச் சொன்னார் என்பதைத் தவிர, இந்த விற்பனையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.